பழி ஓரிடம், பெயர் ஓரிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயிற்சி வகுப்புகளில் 'செவெசோ சட்டம்' என்று அடிக்கடி சொல்வார்கள்; பெரிய ரசாயன விபத்துகளைத் தடுக்க ஐரோப்பா போட்ட சட்டம். செவெசோ என்பது யாரோ விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்திருந்தேன். மிலானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் என்று போன வாரம்தான் தெரிந்தது. ஆனால் வெடித்த ஆலை மேதா என்ற வேறொரு ஊரில் இருந்ததாமே? அப்புறம் ஏன் இந்தப் பெயர்?

கே.

அன்புள்ள கே.,

காற்றுதான் காரணம். மேதாவும் செவெசோவும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். மிலானுக்கு வடக்கே, மரச்சாமான்களுக்குப் பேர்போன பிரியான்சா வட்டாரத்தில் இருக்கின்றன. இக்மேசா ஆலை மேதா எல்லைக்குள் இருந்தது. 1976 ஜூலை 10, சனிக்கிழமை பகல் 12.37க்கு அங்கிருந்து விஷப்புகை கிளம்பியபோது காற்று தெற்கே வீசியது. தெற்கே இருந்தது செவெசோ.

'வெடித்த' என்கிறீர்கள். ரியாக்டர், அதாவது ரசாயனங்களை வினைபுரிய வைக்கும் கலன், வெடிக்கவில்லை. வார விடுமுறைக்காக வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த சரக்கு தானாகச் சூடேறி, அழுத்தம் மீறினால் உடைய வேண்டிய தகடு உடைந்தது. தகடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வெளியே வருவதைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி இல்லை, அவ்வளவுதான். உங்கள் துறைக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தானே? இத்தனைக்கும் அங்கே தயாரானது, கிருமிநாசினி சோப்பில் சேர்க்கும் மருந்துக்கான மூலப்பொருள். அந்தச் சூட்டில் அது டையாக்சின் என்ற கொடிய நஞ்சையும் பெற்றுப்போட்டது.

அன்று யாரும் சாகவில்லை. முயலும் கோழியும் செத்தன, குழந்தைகளின் முகத்தில் கொப்புளம் வந்தது. வந்தது டையாக்சின் என்று ஊருக்குத் தெரியவே பத்து நாள் போல ஆயிற்று. பிறகு 700க்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். நஞ்சு கருவைப் பாதிக்குமோ என்ற பயம் வேறு. கருக்கலைப்பு குற்றமாக இருந்த இத்தாலியில், கர்ப்பிணிகள் என்ன செய்வது என்று நாடே வாதாடியது. அந்தப் பெண்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

1982இல் ஐரோப்பியச் சட்டம் வந்தபோது செவெசோ என்ற பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. 1987இல் அதை இறுக்கியதற்கு ஒரு காரணம் நம் போபால். வேடிக்கை என்னவென்றால், மிலான்காரர்களுக்கு செவெசோ என்றால் முதலில் ஓர் ஆறு. மழைக்காலத்தில் அவர்கள் நகரின் வடக்குத் தெருக்களில் புகுந்துவிடும் ஆறு.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம் நடந்ததுதான். நஞ்சேறிய மண்ணை எரிக்க அங்கேயே ஓர் உலை கட்ட அரசு திட்டமிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை, மரம் வேண்டும் என்றார்கள். மேல்மண்ணைச் சுரண்டி, இடித்த வீடுகளோடும் செத்த விலங்குகளோடும் சேர்த்து இரண்டு பெரிய குழிகளில் புதைத்து மூடினார்கள். மேலே நட்டது இன்று ஓக் காடு. 'கருவாலிக் காடு' என்றே அதற்குப் பெயர்.

மிலான் போனால் கடோர்னா நிலையத்தில் எஸ்4 புறநகர் ரயில் ஏறுங்கள், செவெசோவில் நிற்கும்.