ஒரே மீட்டர், இரண்டு குடும்பம்: டர்பனில் கரண்ட் பில்லை வீட்டுக்காரரோடு எப்படிப் பிரித்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்பக்க அவுட்பில்டிங்கில் நீங்களும் மனைவியும் குடியிருக்கிறீர்கள். முன்வீட்டில் ஐந்து பேர். எல்லாருக்கும் ஒரே மீட்டர். வீட்டுக்காரர் பாதிக்குப் பாதி கேட்கிறார், தராவிட்டால் லைனைப் பிடுங்கிவிடுவேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். லைனைப் பிடுங்க அவருக்கு உரிமை இல்லை. தென்னாப்பிரிக்காவின் வாடகை வீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது. வாடகைக்காரரைச் சட்டவிரோதமாக வெளியே வைத்துப் பூட்டுவதும், தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிப்பதும் குற்றம் என்று 2007-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பணத்தகராறு என்றால் அவர் முறைப்படி புகார் கொடுக்கட்டும், மெயின் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. நீங்களும் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். கரண்ட் தகராறு கரண்டோடு இருக்கட்டும். வாடகை பாக்கி வைத்த நிமிடமே உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

நானும் சாட்ஸ்வொர்த்தில் இப்படி ஓர் அவுட்பில்டிங்கில்தான் பல வருடம் இருந்தேன். ஒரே மீட்டர் என்பது யாரோ ஏமாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு இல்லை என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960-களில் கட்டிய ஊர் சாட்ஸ்வொர்த். சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு மீட்டர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனபோது பின்னால் அறைகள் எடுத்தார்கள். பிள்ளைகள் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போனதும் அந்த அறைகள் வாடகைக்கு வந்தன. வயர் மட்டும் பழையபடியே முன்வீட்டிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டுக்கார அங்கிளுக்கு பென்ஷனையும் எங்கள் வாடகையையும் விட்டால் வேறு வருமானம் கிடையாது. மாதக் கடைசியில் பில் கூடினால் அவருக்கு நிஜமாகவே கை நடுங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பாதிக்குப் பாதி நியாயமில்லை. ஆனால் ‘நாங்கள் ரெண்டே பேர், நாலு பல்புதானே’ என்று நீங்கள் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். எங்கள் வீட்டிலும் சண்டை பல்பில்தான் தொடங்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிவரை உங்கள் ரூமில் லைட் எரிகிறது என்பார் அங்கிள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று தினமும் ஆறு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகப் பதினெட்டு நாள் பிடிக்கும். யூனிட்டைத் தின்பது கீசர். இங்கே வீடுகளில் பரவலாக இருப்பது 3 கிலோவாட் எலிமென்ட். அது ஒரு மணி நேரம் ஓடினால் 3 யூனிட், காலையும் மாலையுமாக இரண்டு மணி நேரம் ஓடினால் தினம் 6 யூனிட். ஜூன், ஜூலைக் குளிரில் இன்னும் கூடும். ஆகவே யார் எத்தனை லைட் போட்டார்கள் என்ற பேச்சை விட்டுவிட்டு, எந்த வீட்டில் கீசர், எத்தனை பேர் குளிக்கிறார்கள், டீப் ஃப்ரீசர் யாரிடம், ஹீட்டர் யாரிடம் என்று உட்கார்ந்து எழுதுங்கள். அங்கிளின் மனைவி, எங்கள் ஆண்டி, சமூசா செய்து விற்பார். அதற்காக ஒரு டீப் ஃப்ரீசர் இரவும் பகலும் ஓடும். எழுதிப் பார்த்தபோது அதை அவரே முதலில் சொன்னார்.

இப்படி எழுதுவதெல்லாம் உங்கள் பக்கத்து உபயோகத்தை மட்டும் தனியாக அளக்கும் சப்-மீட்டர் வரும்வரைதான். நிரந்தர வழி சப்-மீட்டர் ஒன்றுதான், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து உங்கள் பக்கம் போகும் லைனில் போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். செலவில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். எண்ணைக் காட்டும் சாதாரண மீட்டரே போதும். மாதம் ஒரே தேதியில் இரண்டு பேருமாகப் போய் எண்ணைப் பார்த்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இந்த மாத எண்ணில் போன மாத எண்ணைக் கழித்து, நகராட்சியின் யூனிட் விலையால் பெருக்கினால் தொகை கையில் இருக்கும். அதற்கு மேல் சொந்த லாபம் வைக்கக்கூடாது. நகராட்சியிடமே நேரடியாக வாங்கினால் என்ன விலையோ அதைத் தாண்டி மறுவிற்பனை செய்பவர் வசூலிக்கக்கூடாது என்பதுதான் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சாவின் கொள்கை.

சில வீட்டுக்காரர்கள் தனியார் ப்ரீபெய்ட் சப்-மீட்டர் போடுவார்கள். அதில் அந்த நிறுவனம் மாதாமாதமோ ரீசார்ஜுக்கு இவ்வளவு என்றோ ஒரு கட்டணம் பிடிக்கும். அது யார் தலையில் விழும் என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். யாரோ கழற்றிப் போட்ட பழைய ப்ரீபெய்ட் மீட்டரை மலிவாக வாங்கி மாட்டவும் விடாதீர்கள். ரீசார்ஜ் செய்ததும் கிடைக்கும் 20 இலக்க எண்ணை, அதாவது டோக்கனை, போடும் மீட்டர்களை எல்லாம் 2024 நவம்பர் 24-க்குள் புதிய குறியீட்டுக்கு மாற்றவேண்டியிருந்தது. மாற்றாத மீட்டரில் இப்போது வாங்கும் டோக்கன் ஏறாது.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே உபயோகம் கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் சீக்கிரமே மேல்படிக்குப் போய்விடும். போதாக்குறைக்கு 2024 ஜூலையிலிருந்து பல ப்ரீபெய்ட் வீடுகளுக்கு மதிப்புக்கூட்டு வரி தவிர்த்து மாதம் 200 ராண்ட் நிலைக்கட்டணம் வைத்தார்கள். அப்படிப்பட்ட கட்டணத்தை அந்த மாதம் முதலில் ரீசார்ஜ் செய்பவரிடமே பிடித்துவிடுவார்கள். நீங்கள் முதல் தேதி வாங்கி, அவர் பத்தாம் தேதி வாங்கினால், மொத்தச் சுமையும் உங்களுக்குத்தான். மாறி மாறி வாங்குவதைவிட ஒருவரே வாங்கிக் கணக்கைப் பிரிப்பது நல்லது.

டர்பனில் தண்ணீர்க் கட்டணம்தான் இப்படிப் படிப்படியாக ஏறுவது. தண்ணீருக்கு ஆள் கணக்கில் பிரிப்பது ஓரளவு சரியாக வரும். உங்கள் வீட்டில் மொத்தம் ஏழு பேர் என்றால், ஏழில் இரண்டு பங்கு உங்களுடையது. ஆனால் பில் திடீரென்று எகிறினால் பங்கு பேசுவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு மாதம் தண்ணீர் பில் எக்கச்சக்கமாக வந்தது. வாஷிங் மெஷின் நீங்கள்தான் தினமும் போடுகிறீர்கள் என்று எங்கள் பக்கம் கை நீண்டது. அன்று ராத்திரி இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அங்கிள் டார்ச் பிடிக்க, கேட் ஓரம் இருக்கும் மீட்டர் மூடியைத் தூக்கி எண்ணை எழுதிக்கொண்டோம். யாரும் தண்ணீரைத் தொடவில்லை. விடிகாலையில் போய்ப் பார்த்தால் எண் ஏறியிருந்தது. முன்வீட்டுக் கழிவறைத் தொட்டியில் வால்வு தேய்ந்து, சத்தமே இல்லாமல் பீங்கானை ஒட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. வால்வை மாற்றினோம். அந்த மாதம் எங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதும் அங்கிள்தான்.

அடுத்து, நகராட்சி பில்லையே காட்டச் சொல்லிக் கேளுங்கள். தொகையை வாயால் சொன்னால் போதாது. டர்பனில் சொத்துவரி, தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாம் ஒரே பில்லில் வரும். அதில் சொத்துவரி அவருடைய சொத்துக்கு. ஒப்பந்தத்தில் எழுதாதவரை அதில் பங்கு கேட்பது சரியில்லை. பழைய பாக்கி இருக்கிறதா, ரீடிங் நிஜமாக எடுத்ததா உத்தேசமாகப் போட்டதா என்றும் பாருங்கள். உத்தேச ரீடிங் சில மாதம் வந்துவிட்டு, ஒரு நாள் நிஜ ரீடிங் வந்து விழும்போதுதான் பெரிய சண்டைகள் வருகின்றன. நீங்கள் குடிவருவதற்கு முந்தைய மாதங்களின் யூனிட்டும் அதில் கலந்திருக்கும்.

பாக்கியைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் என்னர்டேல் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்தில் வாடகைக்காரர்கள் கரண்ட் காசைச் சரியாக உரிமையாளரிடம் கொடுத்துவந்தார்கள். அவர் நகராட்சிக்குக் கட்டவில்லை. 2008-இல் கட்டடம் முழுக்க மின்சாரம் போனது, வாடகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை முன்னறிவிப்பு கிடையாது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2009 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வாடகைக்காரர்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்த பிறகே துண்டிக்கவேண்டும் என்றார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் நகராட்சிக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதில் சந்தேகப்புத்தி எதுவும் இல்லை.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான் என்றால், எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் எழுதித் தரவேண்டியது சட்டப்படி அவர் கடமை. ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் தரவேண்டும். எந்த வீடு, என்ன தேதி, எந்த மாதத்துக்கு, வாடகையா டெபாசிட்டா வேறு எதற்கா என்பது அதில் இருக்கவேண்டும். வாடகைக்குத் தனி ரசீது, கரண்ட்டுக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு இத்தனை ராண்ட் என்று எழுதாமல், ‘நகராட்சியின் அன்றைய விலை’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் விலை மாறும், வருடா வருடம் அதற்காக உட்கார்ந்து பேரம் பேசவேண்டாம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல் இருக்கிறது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்று, உங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலுக்கு டர்பனில். புகார் கொடுக்கக் காசில்லை, வக்கீலும் தேவையில்லை. பில் நகல், ரசீது, மீட்டர் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்துப்போங்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அதிகபட்சம் மூன்று மாதம், உங்களை வெளியேற்ற முடியாது. நீங்களும் அந்தக் காலம் முழுக்க வாடகையைக் கட்டியாகவேண்டும். ட்ரிப்யூனல் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குள்ள மதிப்பு உண்டு.

அங்கே போவதற்கு முன் ஒருமுறை, சாயங்கால நேரம், டீ போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். தனியாக அவரிடம் மட்டும் பேசாதீர்கள். எங்கள் வீட்டில் கணக்கு ஆண்டியின் நோட்டில்தான் இருந்தது, நான் பார்த்த பல வீடுகளிலும் அப்படித்தான்.

அப்புறம், எப்போதாவது காலி செய்வதானால், கடைசி நாள் அவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, மீட்டர் எண்ணை இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியும் சேதமும் இல்லை என்றால் டெபாசிட்டை வட்டியோடு 7 நாளுக்குள் அவர் திருப்பித் தரவேண்டும். ‘கரண்ட் பில் வரட்டும், பார்க்கலாம்’ என்று இழுத்தடிக்க அந்தக் காகிதம் இடம் கொடுக்காது.