திருடனுக்குப் போட்ட பூட்டில் வாங்கியவர் மாட்டினால்? கேள்வி-பதில்

கேள்வி: மென்பொருளையும் கேமையும் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளால் நிறுவனங்களுக்கு உண்மையிலேயே லாபம் உண்டா?

புதிய கேம்களுக்கு ஓரளவு உண்டு. அவற்றின் விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் நடப்பதால், பூட்டை உடைக்கும் ஃபைலான கிராக் அந்த வாரங்களில் வராமல் தள்ளிப்போட்டாலே போதும். பல நிறுவனங்கள் சில மாதங்கள் கழித்து டெனுவோ என்ற நகல் தடுப்புப் பூட்டைத் தாங்களே எடுத்துவிடுவதும் இதனால்தான். எப்போதும் இணையம் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது வேறு கதை. 2013 மார்ச்சில் சிம்சிட்டி கேம் வெளியானபோது சர்வர்கள் திணறி, காசு கொடுத்தவர்களே உள்ளே போக முடியாமல் நின்றார்கள். இணையமில்லாமல் விளையாடும் வசதி வர 2014 ஆனது.

கேள்வி: பழைய ஒரிஜினல் கேம் டிஸ்க் விண்டோஸ் 10-இல் ஓடவில்லை. டிஸ்க்கில் கீறல் இல்லை. ஏன்?

அது சேஃப்டிஸ்க் என்ற பழைய நகல் தடுப்புப் பூட்டு போட்ட டிஸ்க்காக இருக்கலாம். அந்தப் பூட்டின் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். அதில் இருந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்தவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடியும் என்பது 2007-இல் தெரியவந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கியது. விளைவு, வாங்கிய டிஸ்க் ஓடாது. பூட்டை உடைத்த பிரதி ஓடும். வாங்கியவருக்கு இது பெரிய அநியாயம்.

டிரைவரை மறுபடி இயக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். டிஸ்க் சோதனையை நீக்கும் பேட்சை (திருத்த ஃபைல்) தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஜிஓஜி போன்ற, பூட்டில்லாமல் விற்கும் இடத்தில் அதே கேம் கிடைக்கலாம். இரண்டும் இல்லையென்றால், இணையத்தோடு இணைக்காத பழைய கணினிதான் வழி.

கேள்வி: அலுவலகக் கணினிகளுக்கு மென்பொருள் லைசென்ஸ் பகிர்ந்து தரும் ஃப்ளெக்ஸ்நெட் சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். அதன் பிறகு யாருக்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை.

முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். 27000 போர்ட்டைத் திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது வாசல்காரர் மட்டுமே. லைசென்ஸ் தருவது வெண்டர் டீமன் என்ற, மென்பொருள் நிறுவனத்தின் தனி நிரல். போர்ட் எண் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது புது எண்ணை எடுக்கக்கூடும். லைசென்ஸ் ஃபைலின் வெண்டர் வரியில் ஓர் எண்ணை நிலையாக எழுதி, அதையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். சர்வரின் பெயர், போர்ட் இரண்டையும் நீங்களே மாற்றலாம். சர்வர் கணினியின் அடையாளமான ஹோஸ்ட் ஐடியைத் தொட்டால் மட்டும், ஃபைலில் நிறுவனம் போட்ட டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போகும்.

அடுத்தது அந்த ஹோஸ்ட் ஐடி. பெரும்பாலும் அது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி. கார்டை மாற்றினாலோ, விர்ச்சுவல் மெஷினை (மென்பொருளால் ஆன கணினி) நகலெடுத்தாலோ அது மாறிவிடும். புது ஃபைல் கேட்டு வாங்க வேண்டும். கடிகாரத்தையும் விடாதீர்கள். யாராவது தேதியைத் தவறுதலாக முன்னே வைத்துத் திருத்தியிருந்தால், எதிர்காலத் தேதியோடு சில ஃபைல்கள் தங்கிவிடும். அதைப் பார்த்து, கடிகாரத்தைப் பின்னே திருப்பி ஏமாற்றுகிறீர்கள் என்று மென்பொருள் முடிவு கட்டும்.

கேள்வி: தனி ஆளாக ஒரு மென்பொருள் எழுதி விற்கப் போகிறேன். எவ்வளவு பூட்டு போடலாம்?

கையொப்பமிட்ட லைசென்ஸ் ஃபைல் போதும். இடி25519 என்ற டிஜிட்டல் கையொப்ப முறையில் ஒரு சாவி ஜோடி உருவாக்குங்கள். ரகசியச் சாவி உங்களிடமே இருக்கட்டும், பொதுச் சாவி மென்பொருளுக்குள் போகட்டும். ஃபைலில் வாங்கியவர் பெயர், பதிப்பு, அப்டேட் எதுவரை என்ற தேதி; கடைசியில் 64 பைட் கையொப்பம். இணையமே இல்லாமல் சரிபார்க்கலாம். வாங்கியவர் பெயர் திரையில் தெரிந்தால், அந்த ஃபைலை அடுத்தவருக்குக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். சோதனை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு கட்டளையை மாற்றி யாராவது உடைக்கத்தான் செய்வார்கள். அவர்களைத் துரத்தி வாங்கியவர்களைப் பாடுபடுத்தாதீர்கள்.

ஆன்லைன் சோதனை கட்டாயம் வேண்டுமென்றால் 30 நாள் அவகாசம் கொடுங்கள். சர்வர் பதில் சொல்லாவிட்டால் மென்பொருள் ஓட வேண்டும். 'செல்லாது' என்று தெளிவாகப் பதில் வந்தால் மட்டுமே, அதுவும் அவகாசம் முடிந்த பிறகே, நிற்கலாம். அந்தப் பதிலும் தவறலாம் என்பதால்தான் அவகாசம்: 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரில் நேர்ந்த கோளாறு, ஒரிஜினல் விண்டோஸையே போலி என்று முத்திரை குத்தியது. வன்பொருளோடு கட்டுவதானால் ஐந்து அடையாளங்களில் மூன்று பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் முடிந்தாலும் பயனர் தன் ஃபைலைத் திறக்கவும் ஏற்றுமதி செய்யவும் முடிய வேண்டும். அது அவருடைய உழைப்பு. உங்கள் சர்வரை ஒருநாள் நிறுத்த நேரலாம். அதனால் ஆக்டிவேஷன் (சர்வரிடம் அனுமதி பெறுவது) தேவைப்படாத ஒரு பதிப்பை இன்றே கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்2 என்ற தன் பழைய மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது அடோபி அப்படி ஒரு பதிப்பைத்தான் கொடுத்தது.

கேள்வி: மதர்போர்டு மாற்றினேன். விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டது.

தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் மீட்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய், ட்ரபிள்ஷூட்டைத் தட்டி, சமீபத்தில் வன்பொருள் மாற்றியதாகச் சொல்லும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் வரும் பட்டியலில் உங்கள் கணினியைக் காட்டுங்கள். போர்டு மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸை அந்தக் கணக்கோடு இணைத்திருந்தால்தான் பட்டியலில் வரும். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. பொதுவாகப் புதியதற்கு மாறாது.

கேள்வி: வாங்கிய மென்பொருள்தான், பூட்டுத் தொல்லை தாங்கவில்லை. கிராக் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் ஃபைலுக்கு அட்மின் அனுமதியும் கொடுக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஸ்டாப் ரான்சம்வேர் ஏராளமான கணினிகளுக்குள் புகுந்தது கிராக் வழியாகத்தான். பில் எண்ணோடு விற்றவருக்கு எழுதி, ஆஃப்லைன் ஆக்டிவேஷன் ஃபைல் கேளுங்கள். பல நிறுவனங்களிடம் அது உண்டு, கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது.