கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: என் காரின் ரிசர்வ் டேங்கில் பச்சை நிறக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கிறது. அளவு சற்றுக் குறைந்துவிட்டதால், கடையில் கிடைக்கும் வேறொரு பச்சைக் கூலன்ட்டை வாங்கி ஊற்றலாமா?

பதில்: நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது தயாரிப்பாளர் சேர்க்கும் வெறும் சாயம். இன்ன வகைக்கு இன்ன நிறம் என்று பொது விதி எதுவும் கிடையாது. பெரும்பாலான கூலன்ட்டுகளுக்கு எத்திலீன் கிளைகால்தான் அடிப்படை. அதனுடன் சேரும் துருத்தடுப்புப் பொருள்களே ஒரு வகையை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகின்றன. பழைய வகையில் உள்ள சிலிக்கேட், உலோகப் பரப்பு முழுவதையும் மெல்லிய படலமாக மூடிக் காக்கும். ஆனால் விரைவில் தீர்ந்துவிடுவதால் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். கரிம அமில வகையோ அரிப்பு தொடங்கும் இடங்களில் மட்டும் வினைபுரிவதால் ஐந்து ஆண்டுகள் வரைகூடத் தாங்கும். இவ்விரண்டையும் கலந்த வகைகளிலும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் பாஸ்பேட்டை விரும்ப, ஐரோப்பிய நிறுவனங்கள் பல, கடின நீருடன் சேர்ந்தால் அது உப்பாகப் படியும் என்பதால் அதைத் தவிர்த்துச் சிலிக்கேட்டைப் பயன்படுத்துகின்றன.

பொருந்தாத இரண்டைக் கலந்தால் உடனே எதுவும் நேராமல் போகலாம். ஆயினும் துருத்தடுப்புத் திறன் குறையும், சில சமயம் கூழ் போன்ற கசடு திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். எனவே கார் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தர எண்ணைப் பார்த்து, அதே எண் அச்சிடப்பட்ட கூலன்ட்டையே வாங்குங்கள். ‘எல்லாக் கார்களுக்கும் ஏற்றது’ என்ற வாசகத்தை நான் அந்த எண்ணுக்கு ஈடாகக் கருதுவதில்லை.

கேள்வி: செறிவுக் கூலன்ட், நீர் கலந்து வருவது — எது நல்லது?

பதில்: குறைந்த அளவை நிரப்ப நீர் கலந்து வருவதே வசதியானது. முழுவதும் மாற்றும்போதுதான் கவனம் தேவை. ஆறு லிட்டர் கொள்ளும் அமைப்பை நீரால் அலசி வடித்த பின்பும் இரண்டு லிட்டர் நீர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிட்டது எனக் கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்து வந்ததை நான்கு லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூலன்ட் இருக்கும். செறிவுக் கூலன்ட் மூன்று லிட்டரும் காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரும் ஊற்றினாலோ கணக்குச் சரியாகப் பாதிக்கு வந்துவிடும். அதற்காகச் செறிவுக் கூலன்ட்டை நீரே கலக்காமல் நிரப்புவதும் தவறு: பாதி நீர் கலந்த எத்திலீன் கிளைகால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது, தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், வெப்பத்தைக் கடத்துவதிலும் நீரைவிட அது பின்தங்கியதே.

கேள்வி: அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: வழியில் வேறு வழியில்லையெனில், எஞ்சின் நன்கு ஆறிய பிறகு ஊற்றிப் பணிமனை வரை ஓட்டலாம், அங்கு அதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். மூடிய அமைப்பில் அளவு அடிக்கடி குறையக் கூடாது என்பதால், ஹோஸ் கிளிப்புகளின் ஓரத்திலும் வாட்டர் பம்புக்கு அடியிலும் சாயத்தின் நிறத்தில் உலர்ந்த பொருக்கு தெரிகிறதா என்றும் பாருங்கள்.