கட்டி இல்லை, கூட்டம்: பிசிஓஎஸ்ஸும் முட்டை வளர்க்கும் மருந்துகளும் (கேள்வி பதில்)

குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் பற்றியவை. அதனால் இன்று அது மட்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன், உங்கள் டோஸை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஸ்கேனைப் பார்க்கும் மருத்துவர்.

கேள்வி: இரண்டு பக்கமும் நிறைய நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. முதலில் கட்டியைக் கரைக்க வேண்டாமா?

அவை கட்டியே இல்லை. பெயர் செய்த குழப்பம் இது. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு முட்டையோடு 2 முதல் 9 மி.மீ. வரை வளர்ந்து, பாதியில் நின்றுபோன சிறு பை. வழக்கமாக ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மி.மீ. அளவுக்கு வளர்ந்து வெடிக்கும். உங்களுக்கு எதுவும் முந்துவதில்லை, எல்லாம் வாசலிலேயே நிற்கின்றன. முட்டைக்குப் பஞ்சம் இல்லை. கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் கிளப்புவதுதான் மருந்தின் வேலை.

கேள்வி: லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை. முதலில் அந்த நோய்க்காக வந்த மருந்துதான், இப்போது இதற்கும் பயன்படுகிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாள் குறைக்கும். உடனே மூளை, முட்டைப் பையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கொஞ்சம் கூட்டி அனுப்பும், அதில் ஒரு பை கிளம்பும். அது வளர்ந்து தானே ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும் மூளை எஃப்எஸ்எச்சைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் நிற்பவை அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் ஒரே முட்டை வருவது இதனால்தான்.

மாதவிலக்கின் தொடக்கத்தில் 5 நாள், தினம் 2.5 மி.கி.; வளராவிட்டால் அடுத்த முறை 5, பிறகு 7.5. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், முட்டை வளர்க்கும் பழைய மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் லெட்ரோசோலைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறது. ஒன்று மட்டும்: தேதி தள்ளிப்போவது பழகிவிட்டதால் சிலர் கர்ப்பப் பரிசோதனை செய்யாமலே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது கூடாது.

கேள்வி: குளோமிஃபீனில் முட்டை நன்றாக வளர்ந்தது, ஆனால் கர்ப்பப்பை உள்சுவர் மெலிதாகவே இருக்கிறது.

அந்த மருந்தின் குணம் அது. ஈஸ்ட்ரோஜனை உள்சுவரிலும் தடுக்கும், உடலில் வாரக்கணக்கில் தங்கும். லெட்ரோசோல் சில நாளில் வெளியேறிவிடும். மாற்றலாமா என்று கேளுங்கள். குளோமிஃபீன் எடுக்கும்போது பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் மட்டும் போதாதா?

அது சர்க்கரை நோய் மாத்திரை; முட்டை வளர்க்க அது மட்டும் என்றால் பலவீனம். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் குளோமிஃபீனில் 22.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, மெட்ஃபார்மின் தனியாக எடுத்தவர்களில் 7.2 சதவீதத்தினருக்குத்தான். துணை மருந்தாக இருக்கட்டும்.

கேள்வி: மாத்திரை பலிக்காமல் ஊசிக்கு வந்துவிட்டேன். 8 நாளாகியும் ஸ்கேனில் அசைவில்லை, டோஸையும் கூட்ட மாட்டேன் என்கிறார் டாக்டர். அவருக்குத் துணிச்சல் போதவில்லையோ?

துணிச்சல் இருப்பதால்தான் கூட்டாமல் இருக்கிறார். கூட்டுவது சுலபம். பிசிஓஎஸ் சினைப்பைக்கு இந்த எஃப்எஸ்எச் ஊசியில் ஒரு விளிம்பு உண்டு: அதற்குக் கீழே ஒன்றுமே நடக்காது, கொஞ்சம் தாண்டினால் ஏழெட்டு ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். அந்த விளிம்பு எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் 37.5 அல்லது 75 யூனிட்டில் தொடங்கி, இரண்டு வாரம் வரைகூட மாற்றாமல் வைத்திருந்து, பிறகு துளித்துளியாகக் கூட்டுவார்கள்.

அடுத்த ஸ்கேனில் திரையை நீங்களே பாருங்கள். சினைப்பையின் ஓரத்தில் கறுப்பு மணிமாலை போல வட்டங்கள் தெரியும். இன்று எல்லாம் 6, 7, 8 என்று இருக்கும். மூன்று நாள் கழித்து ஒன்று மட்டும் 11 என்றால் அதுதான் கிளம்பிவிட்டது. இனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளரும். மூன்று நான்கு ஒன்றாகக் கிளம்பினால், முட்டையை வெடிக்க வைக்கும் ஊசி போடாமல், அந்த மாதம் சேரவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பணமும் நாளும் போனதே என்று அழுகை வரும், தெரியும். ஆனால் மூன்று குழந்தைகளை ஒரே வயிற்றில் சுமப்பது தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு ஆபத்து என்று அருகில் இருந்து பார்த்தவர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: ஓவுலேஷன் கிட்டில் தினமும் இரண்டு கோடு வருகிறதே?

கிட் பார்ப்பது முட்டையை வெடிக்க வைக்கும் எல்எச் ஹார்மோனை. பிசிஓஎஸ்ஸில் பலருக்கு அது எப்போதுமே கூடுதல். கிட்டை நம்ப வேண்டாம், ஸ்கேனை நம்புங்கள்.

கேள்வி: ஐவிஎஃப்பில் 26 முட்டை எடுத்தார்கள். கரு நன்றாக இருந்தும் வைக்காமல் உறைய வைத்துவிட்டார்கள். ஏதாவது மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை, காப்பாற்றியிருக்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ்: பல முட்டை வேண்டும், ஆனால் சினைப்பை பொங்கிவிடக் கூடாது. முட்டை முதிர வழக்கமாக ஊசியாகப் போடும் எச்சிஜி ஹார்மோன் உடலில் நீண்ட நேரம் தங்கி, தூண்டப்பட்ட சினைப்பையை மேலும் உசுப்பும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். கர்ப்பம் தரித்தால் உடலே எச்சிஜி சுரக்கும் என்பதால் சிக்கல் இன்னும் நீளும். அதனால்தான் முட்டை முதிர எச்சிஜிக்குப் பதில் வேறு ஊசி, கருவுக்கு உறைபெட்டி. 2016-ல் சீனாவில் 1,508 பிசிஓஎஸ் பெண்களிடம் நடந்த ஆய்வில் இந்தச் சிக்கல் உறையவைத்த குழுவில் 1.3 சதவீதம், உடனே வைத்த குழுவில் 7.1. குழந்தை பிறந்ததும் உறையவைத்த குழுவில்தான் அதிகம்: 49.3 சதவீதம், மற்றதில் 42. கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் மட்டும் அதில் கூடுதலாக இருந்தது, எனவே பிறகு அதில் கவனம் வேண்டும்.

முட்டை எடுத்தபின் வயிறு வேகமாக உப்பினாலோ, எடை மளமளவென ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே கிளம்புங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக மாதாமாதம் முட்டை வெடிக்கிறது, கரு தங்கவில்லை. டோஸைக் கூட்டலாமா?

முட்டைதான் வெடிக்கிறதே, அப்புறம் எதற்குக் கூட்ட வேண்டும்? கருக்குழாய் அடைப்பு பார்த்தாயிற்றா? கணவருக்கு விந்துப் பரிசோதனை? இரண்டைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.