குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் விடலாமா?

கேள்வி: கோபி பக்கம் 20 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். மீன் பிடிக்கத் தண்ணீரை வாய்க்காலில் வடித்தால் கீழ்த் தோட்டத்துக்காரர் தடுக்கிறார். சட்டப்படி தவறா? அடுத்து கெளுத்தி விடலாமா?

பதில்: அவர் தடுப்பது நியாயம்தான். ஓடையையோ கிணற்றையோ மாசுபடுத்தும் கழிவைத் தெரிந்தே விடுவதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், நட்டம் உங்களுக்குத்தான்.

300 கிலோ மீன் எடுக்க 450 கிலோ தீவனம் போட்டிருப்பீர்கள். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 20 கிலோ. சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் சேரும். மீதியில் கொஞ்சம் காற்றில் போக, பெரும்பகுதி தண்ணீரிலும் சேற்றிலும் தங்கிவிடும். தோட்டத்துக்கு உரமாக வேண்டிய அதை வாய்க்காலில் விட்டால் பாசி கட்டும், இரவில் ஆக்சிஜன் குறையும், கீழே இருக்கும் மீன் செத்து மிதக்கும்.

மேல்தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கடைசி ஒரு அடியில்தான் சேறு கலங்கும். குழாய் வாயைத் தரையில் வைக்காமல் மிதவையில் கட்டி மேலிருந்து இறையுங்கள். கடைசி ஒரு அடி சுமார் 2.5 லட்சம் லிட்டர் வரும். ஒரு ஏக்கர் வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சினால் ஆறு சென்டிமீட்டர், ஒரு தண்ணீர் கட்டியது போல. மீன் பிடிக்கும் நாளன்று தோட்டம் காய்ந்திருக்கும்படி முன்கூட்டியே பாசனத்தை நிறுத்திவையுங்கள். ஈரக்காட்டில் பாய்ச்சினால் வழிந்து மறுபடி வாய்க்காலுக்கே போகும்.

களைமீன் (குட்டையில் தானாக வந்து சேரும் வேண்டாத மீன்) ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கோ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. இலுப்பையின் நஞ்சு தணிய மூன்று வாரமாவது ஆகும்.

சேற்றை வெடிப்பு விடும் வரை காயவிட்டு, சுரண்டித் தோட்டத்தில் போடுங்கள். சுண்ணாம்பு எல்லோரும் போடுகிறார்களே என்று போட வேண்டாம். நம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும்தான். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு தேவையே இல்லை. காரம் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும்.

கெளுத்தி என்று தரகர் சொல்வது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் தொடவே வேண்டாம். அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டது. பிடிபட்டால் மொத்தமாக அழித்துவிடுவார்கள். காற்றைச் சுவாசித்து ஈரத் தரையிலும் நகரும் அது, மழையில் தப்பிப் பவானிக்குப் போனால் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். கோழிக் கழிவு போட்டு வளர்ப்பதால் வரும் நாற்றமும் கிணற்றுக் கேடும் தனி. கிஃப்ட் என்ற மேம்படுத்திய திலேப்பியா ரகத்துக்கும் மீன்வளத்துறை அனுமதி வேண்டும். குஞ்சு வாங்கும் முன் மாவட்ட அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்து, நீர் வெளியேறும் வாயில் நெருக்கமான வலை கட்டிவிடுங்கள்.