குயிஞ்சி தன் கடற்கரை ஊரை ஏன் சேறாக வரைந்தார்?

ஓவியர் ஆர்கிப் குயிஞ்சி பிறந்த மரியுபோல், உக்ரைனின் அசோவ் கடலோரத் துறைமுக ஊர். 1875இல் அவர் வரைந்த 'மரியுபோலில் சுமாக் பாதை' படத்தில் கண்ணில் படுவது சேறுதான். ஏன் அப்படி வரைந்தார்? சரி, சுமாக்குகள் யார்? மாட்டுவண்டியில் உப்பும் மீனும் ஏற்றிப்போய் விற்ற உக்ரைனிய வணிகர்கள். கடல் தந்தது உள்நாட்டுக்குப் போனது இவர்கள் வண்டியில்தான். அந்த உழைப்பைத்தான் அவர் வரைந்தார்.

படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மழையில் ஊறிய மண், தலை கவிழ்ந்து வண்டியிழுக்கும் மாடுகள், மேலே கனத்த மேகம். பின்னாளில் நிலவொளிக்குப் பேர்போன ஓவியர், இங்கே அழகு சேர்க்கப் பார்க்கவில்லை. எனக்கு அதனாலேயே மிகவும் பிடித்த படம்.

இது இப்போது மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. மரியுபோலில் அவர் பெயரில் இருந்த அருங்காட்சியகம் 2022 மார்ச்சில் போரில் சிதைந்துபோனது.