மூனிக்கிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன்: பத்து மணி டிக்கெட் வேண்டாம்

டிசம்பர் கடைசி வாரம் மனைவியோடு மூனிக்கிலிருந்து ரயிலில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போய்வர, காலை 10 மணி நுழைவுச்சீட்டு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் சொன்ன பயர்ன் டிக்கெட் (ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் பயணச்சீட்டு) வார நாட்களில் 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். கோட்டைக்கு அருகிலுள்ள ஃபூசென் ஊர் வரை ரயில் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ், அப்புறம் அரை மணிக்கு மேல் மலையேற்றம். சீட்டில் உள்ள நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். மதியம் ஒன்றரைக்கு எடுங்கள். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 கோட்டைக்கு விடுமுறை.

பனி விழுந்தால் மேலே போகும் பஸ் ஓடாது, மரியன் பாலத்தையும் மூடிவிடுவார்கள். எல்லோரும் படம் எடுப்பது அங்கிருந்துதான், அதனால் மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள்! கீழே, நொய்ஷ்வான்ஸ்டைனைக் கட்டிய லுட்விக் மன்னர் வளர்ந்த மஞ்சள் நிற ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டை இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.